வரிசையில் நின்ற கற்கள்

பிள்ளைகளே, மழை பெய்தால் சேறும் வெயில் அடித்தால் புழுதியுமாகக் கிடக்கும் ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று பொம்மை செய்து வந்தது. மண் பொம்மைதான், ஆனால் தலையாட்டும். பொம்மையின் உடம்புக்குள் ஒரு முள்ளை நட்டு, அதன் முனையில் தலையை உட்கார வைத்திருக்கும். லேசாகக் காற்று பட்டால் போதும், ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த முள் முள்ளம்பன்றியின் சொந்த முள். தானாக உதிர்ந்தால்தான் எடுக்கும்.

"இன்னும் நாலு பிடுங்கினா இன்னும் நாலு பொம்மை ஆகுமே அக்கா" என்று அணில் ஒருமுறை கேட்டது.

"உன் வாலில் நாலு முடி பிடுங்கிக் கொடு, நானும் பிடுங்குறேன்" என்றது முள்ளம்பன்றி.

அணில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அதனால் ஒரு பருவத்துக்கு ஐந்தாறு பொம்மைக்கு மேல் வராது. கேட்பவர்களோ காடு முழுக்க இருந்தார்கள். விலை ஒரு வள்ளிக்கிழங்கு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

முதலில், யார் முந்தி வருகிறார்களோ அவர்களுக்கு என்று சொன்னது. முயலும் மானும் ஓடி வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டன. நத்தை வந்து சேர்ந்தபோது அடுத்த பருவமே வந்துவிட்டது.

அந்தப் பருவம் குலுக்கல். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையில் தன் அடையாளத்தைக் கீறி, சுரைக்குடுவையில் போட வேண்டும். குரங்கு என்ன செய்தது தெரியுமா? எலிகளுக்கு ஆளுக்கு ஒரு கடலை கொடுத்து, தனக்காகக் கொட்டை போட வைத்தது. எலிக் குடும்பம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். எடுக்க எடுக்க எலியின் கொட்டைதான் வந்தது. மறுநாள் பார்த்தால் எல்லாப் பொம்மையும் குரங்கின் கிளையில் இருந்தன. ஒரு பொம்மை ஒரு வாழைத்தார் என்று கூவிக்கொண்டிருந்தது குரங்கு.

"இது நியாயமா?" என்று முள்ளம்பன்றி போய்க் கேட்டது.

"நான் என்ன திருடினேனா அக்கா? கிழங்கு கொடுத்துத்தானே வாங்கினேன். வேணும்னா நீங்களே ஏலம் விடுங்க."

"ஏலம் விட்டா எல்லாம் யானை வீட்டுக்குத்தான் போகும்."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் கேக்குறீங்க?"

முள்ளம்பன்றி அலுப்போடு திரும்பி வந்து வளைக்குள் படுத்துக்கொண்டது.

இந்தப் பருவம் வரிசை என்று சொல்லிவிட்டது. எல்லோராலும் ராத்திரி முழுக்கக் கால் கடுக்க நிற்க முடியாதல்லவா? அதனால் ஒரு கல்லைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, விடிந்ததும் வந்து நின்றால் போதும் என்றது.

அந்தக் காட்டின் மறுகோடியில் ஒரு தேவாங்கு இருந்தது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்கே அதற்கு வெகுநேரம் ஆகும். அதற்கு ஒரே ஒரு குட்டி. இரை தேடப் போகும்போது தேவாங்குகள் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுத்தான் போகும். இந்தக் குட்டியோ அம்மாவின் வயிற்றை விட்டு இறங்கவே இறங்காது. கையைப் பிரித்து எடுத்தால் காடே கேட்கும்படி அழும். குட்டியைச் சுமந்துகொண்டு பூச்சி பிடிக்க முடியுமா? தேவாங்கு கை நீட்டுவதற்குள் பூச்சி பறந்துவிடும். பாதிநாள் பட்டினிதான். பால் வற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மான் வீட்டில் தலையாட்டும் பொம்மையைப் பார்த்தபோது மட்டும் குட்டி கையை விட்டது. பொம்மை தலையாட்ட ஆட்ட இதுவும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குள் தேவாங்கு இரண்டு வெட்டுக்கிளி தின்றுவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு கொஞ்சம் அடங்கியது.

அதனால் இந்த வரிசையை நம்பி, காட்டுப்பன்றி தோண்டிப் போட்ட இடத்தில் ஒரு கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பியது. ராத்திரியெல்லாம் நகர்ந்து விடியும்போது வந்து சேர்ந்தது.

வந்து பார்த்தால் முன்னால் நீளமாகக் கற்கள். அவற்றுக்குப் பின்னால்தான் அணிலும் மயிலும் மரநாயும் மந்தியும் கீரியும் குட்டிகளோடு நின்றன.

முதல் கல்லின் மேல் குரங்கு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யார் கல்லு?" என்று மரநாய் கேட்டது.

"இது என் கல்லு. அது என் சித்தப்பா கல்லு. அதுக்குப் பின்னாடி மச்சான்."

"உனக்கு ஏது மச்சான்?"

"இனிமே வருவான். இப்பவே இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

மயிலுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. தேவாங்குக்கு வரவில்லை. குரங்கு அதைப் பார்த்துவிட்டது.

"வா தேவாங்கு. எப்பக் கிளம்பினே, போன மழைக்கா?"

நாலு பேர் முன்னால் பேசத் தேவாங்குக்குக் கூச்சம். கல்லுக்குப் பின்னால் நிற்பதா, ஆளுக்குப் பின்னால் நிற்பதா என்று முள்ளம்பன்றியிடமே கேட்டுவிடலாம் என்று மெதுவாக முன்னால் போனது. போய்ப் பக்கத்தில் நின்றும் வாய் வரவில்லை.

முள்ளம்பன்றி தலை நிமிரவில்லை. முந்தின ராத்திரி ஒரு முள் உதிர்ந்திருந்தது. அதில் கடைசிப் பொம்மையைச் செய்து முடித்து, ஈரம் காயாமல் மடியில் வைத்திருந்தது. மற்ற ஐந்தும் காய்ந்து வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

தேவாங்குக் குட்டி அதைப் பார்த்தது. அம்மாவின் வயிற்றிலிருந்து எட்டி, ஈரப் பொம்மையின் தொப்பையில் கையை அழுத்தி வைத்துவிட்டது.

ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன.

தேவாங்கு குட்டியின் கையைப் பிடித்து இழுத்தது. "தெரியாமப் பண்ணிட்டான் அக்கா. நான் வேணும்னா மண்ணு சுமந்து தர்றேன்" என்றது. அதுதான் அன்று அது பேசிய முதல் பேச்சு.

முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டது. திட்டுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

குரங்கு கல்லிலிருந்து குதித்து வந்து பார்த்தது. "அட, இதை எனக்குத் தள்ளிவிட்டுடாதீங்க அக்கா. தேவாங்குக் குட்டி கை பதிஞ்ச பொம்மையை எவன் வாங்குவான்?"

முள்ளம்பன்றி மெதுவாகத் தலையைத் தூக்கியது.

"எவன் வாங்குவானா? ஏன், நீ வீட்டில் வெச்சுக்க வாங்கலையா?"

குரங்கு தலையைச் சொறிந்தது.

முள்ளம்பன்றி ஈரப் பொம்மையைத் தேவாங்கிடம் நீட்டியது. "இது உன் பையனோடதுதான் தங்கச்சி. வேற யாருக்கும் ஆகாது. கிழங்கை வெச்சுட்டுப் போ."

பிறகு கொட்டாங்குச்சியில் குழைத்து வைத்திருந்த மண்ணில் ஒரு உருண்டை எடுத்து, காய்ந்த பொம்மை ஒன்றின் தொப்பையில் அப்பியது.

"இனிமே இப்படித்தான். யாருக்குப் பொம்மையோ அவங்க வந்து கையைப் பதிக்கணும். ஒரு பொம்மைக்கு ஒரு கை. முதல் கல்லு யாரு, வாங்க."

குரங்கு தன் கையைப் பார்த்தது. பொம்மையைப் பார்த்தது. குரங்குக் கை பதிந்த பொம்மைக்கு முயல் வாழைத்தார் கொடுக்குமா என்று யோசித்தது. ஒரு பழம்கூடக் கொடுக்காது.

"மத்த கல்லெல்லாம்?" என்று கேட்டது.

"கல்லுக்குக் கை இருந்தா அதுவும் வைக்கட்டும்."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. குரங்குக்கு அந்த நேரம் பார்த்து மேல்கிளையில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்தது. கல்லைக்கூட எடுக்காமல் ஏறிப் போய்விட்டது.

மரநாய் கற்களை உருட்டி ஓரமாகத் தள்ளியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். அணில் குட்டி கை வைத்தது. மயில் குஞ்சுக்குக் கை இல்லாததால் கால் வைத்தது. மரநாய்க் குட்டி ஒன்று, மந்திக் குட்டிகளுக்கு இரண்டு. மந்தி இரட்டைப் பிள்ளைக்காரி.

கீரியின் முறை வந்தபோது பொம்மை தீர்ந்துவிட்டது.

"அப்ப எனக்கு?" என்றது கீரி.

"அடுத்த முள் உதிரட்டும். நீதான் முதல்."

"எப்ப உதிரும்?"

"எனக்கென்னப்பா தெரியும்? என் கையிலா இருக்கு?"

கீரி முணுமுணுத்துக்கொண்டே குட்டியை இழுத்துக்கொண்டு போனது. ஆனால் யாரும் தன்னை ஏமாற்றிவிட்டதாக அது சொல்லவில்லை. முள்ளம்பன்றி கிழங்குகளை வளைக்குள் உருட்டிவிட்டு, தின்னக்கூட முடியாமல் தூங்கிப்போனது.

தேவாங்கு பாதி வழியில் ஒரு மரத்தில் ஏறியது. வீடுவரை நடக்க உடம்பில் சக்தி இல்லை. பொழுது சாய்ந்ததும் கிளைக் கவட்டில் பொம்மையை வைத்தது. குட்டியின் விரல்களை வயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பொம்மைக்கு முன்னால் உட்கார வைத்தது. ஒரு அடி நகர்ந்து திரும்பிப் பார்த்தது. குட்டி பொம்மையின் தொப்பையில் இருந்த தன் கைத்தடத்தில் கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அடி நகர்ந்து பார்த்தது. குட்டி நிமிரவில்லை.

தேவாங்கு அடுத்த கிளைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளியைப் பிடித்து அவசரமில்லாமல் தின்றது.

நீதி: யார் முந்தி வந்தார் என்று பார்த்துக் கொடுப்பதைவிட, யார் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று பார்த்துக் கொடுப்பதே நியாயம்.