குப்பை மேட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு நாட்டுல ஒரு அம்மா இருந்தாளாம், செங்கமலம்னு பேரு. காலை நீட்டிப் படு, சொல்றேன். அவளுக்கு ஒரே பொண்ணு, பவளம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தா. போக வர ஒரே வழி, ரெண்டு மலைக்கு நடுவுல சந்து மாதிரி ஒரு பாதை. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அந்த ஜனங்களுக்குப் போகி வந்துட்டா கை நிக்காது. பழசு வீட்ல இருந்தா லட்சுமி வரமாட்டாளாம். ஓட்டை விழாத குடத்தைக்கூடத் தூக்கி அந்தப் பாதையில எறிவாங்க. டமார்! மறுநாள் எல்லாம் புதுசு. அந்தப் பக்கத்து ஊர்க்காரங்களும் அப்படித்தான், லேசுப்பட்டவங்க இல்ல. ரெண்டு பக்கமும் கொட்டிக் கொட்டி, பாதையே அடைஞ்சுபோச்சு. பவளம் வரல. பொங்கலுக்கும் வரல, தீபாவளிக்கும் வரல. செங்கமலம் சோத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே உக்காந்திருப்பா. பெத்த வயிறு, பாவம்.

அப்புறம் அவ ராசாகிட்ட போனா. "ஐயா, எம்பொண்ணைப் பாக்கணும்."

"இவ்வளவுதானே தாயி?"ன்னு ராசா காட்டை வெட்டி, அந்தக் குப்பை மேட்டு மேல ஏறிப் போக மரப்படி கட்டுனார். திறப்பு விழாவுக்கு ஊருக்கே விருந்து. தின்ன இலை, குடிச்ச குவளை, தோரணம், எல்லாத்தையும் எங்க போட்டாங்க? அங்கேயேதான்! சரசரன்னு சரிஞ்சு படியே மூடிப்போச்சு.

அப்புறம் திரும்பவும் போனா. ராசாவுக்கு வந்துச்சு பாரு கோவம். "இனிமே நாட்டுல யாரும் எதுவும் வாங்கக்கூடாது!" டம் டம் டம்னு தண்டோரா. அப்போ குயவர், நெசவாளி, தச்சர் எல்லாரும் வயித்துல அடிச்சுக்கிட்டு வந்தாங்க. "நாங்க எதைத் தின்னு பிழைக்கிறது, சாமி?" ராசா உத்தரவை வாபஸ் வாங்கிட்டார்.

தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது தடவை அவ யாருகிட்டயும் போகல. கூடையை எடுத்துக்கிட்டு மேட்டுக்கே போனா. பரக் பரக்னு தோண்டுனா. கையில என்ன வந்துச்சு தெரியுமா? பவளம் நடை பழகுன நடைவண்டி. ஒரு போகிக்கு இவளே எறிஞ்சது. ஒரு சக்கரம்தான் இல்ல. மடியில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. "நானும்தானேடி உன் வழியை அடைச்சேன்!"

அப்புறம் அதைத் தச்சர்கிட்ட கொண்டுபோனா. "இதுக்கு ஒரு சக்கரம் போட்டுக் குடுங்கண்ணே." அவரும் கூலி வாங்கிட்டுப் போட்டார். ராசா காதுக்குச் சேதி போச்சு. அட, பிழைப்பும் நடக்குது, குப்பையும் குறையுதே! "முதல்ல சரிபண்ணு, ஆகாதுன்னா புதுசு வாங்கு"ன்னார். ஜனங்க முணுமுணுத்துக்கிட்டே கூடையோட மேட்டுக்கு வந்தாங்க. எறியுறது நொடி வேலை. அள்ளுறது? வருஷக்கணக்காச்சு.

ஒரு சாயங்காலம், செங்கமலம் தோண்டுன பொந்துக்குள்ள ஏதோ சத்தம். பரக்... பரக்... அந்தப் பக்கத்துலேருந்து! கையை உள்ள விட்டா. இன்னொரு கை வந்து இறுக்கிப் பிடிச்சுது.

"அம்மா?"

"பவளம்! என்னடி, கை இப்படிக் காய்ச்சுப்போச்சு?"

"உன்னைப் பாக்கத்தாம்மா. எத்தனை நாளா தோண்டுறேன் தெரியுமா?"

கை மட்டுந்தான் நுழைஞ்சுது. முகத்தைப் பாக்க இன்னும் எவ்வளவோ அள்ளணும். இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் கையை விடவே இல்ல.

கதை இத்தோட நின்னுச்சு, கண்ணு ரெண்டும் சொக்கிடுச்சு. தூங்கு.