நரிப்பயறு ஏன் வெயிலில் வெடிக்கிறது

உச்சிவெயிலில் நரிப்பயற்றுக் கொடிப் பக்கம் போனால் 'டப் டப்' என்று கேட்குமே, அது என்ன சத்தம் தெரியுமா கண்ணு?

அந்தக் காலத்தில் பயறுகளெல்லாம் பேசும். எந்த நெற்றும் தானாக வெடிக்காது. எவ்வளவு முற்றினாலும், பறிக்க ஒரு கை வரும்வரை பிள்ளைகளை மடியிலேயே இறுக்கி வைத்திருக்கும்.

எல்லாப் பயறும் அப்போது ஓடைக்கரையில் ஒன்றாகத்தான் கிடந்தன. ஒருநாள் காலையில் சடைச்சி என்கிற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண் கூடையோடு வந்தாள்.

"காடு உழுது கிடக்கு. நெத்து முத்தினவங்க எல்லாம் வாங்க."

உளுந்து ஏறிக்கொண்டது. பாசிப்பயறும் கொள்ளும் ஏறிக்கொண்டன. தரையோடு படர்ந்து கிடந்த ஒரு பொடிக் கொடிக்கு மட்டும் காய் இன்னும் பச்சை.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. என் பிள்ளைங்க இன்னும் முத்தலை."

"மழை கூடிருச்சே தாயி. விதைச்சிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். எங்கேயும் போயிராதே."

"நான் எங்கே போக? காலு மண்ணுக்குள்ளல்ல இருக்கு!"

கூடைக்குள்ளிருந்து உளுந்து சிரித்தது. "இதுக எதுக்குக்கா? கூடை ஓட்டையிலேயே ஒழுகிப் போயிரும்!"

சிரிப்புச் சத்தம் வண்டிப்பாதை வரை கேட்டது. பிறகு ஓடைக்கரையில் காற்றுச் சத்தம்தான்.

காய் முற்றியது, கறுத்தது. சடைச்சி வரவில்லை. விதைப்பு முடிந்தால் களையெடுப்பு, அது முடிந்தால் குருவி விரட்டு. வேலைக்குள் வேலை, சொன்ன சொல்லை மறந்தே போனாள். கருவேல நிழல் அசைந்தால்கூட அவள்தானோ என்று கொடி தலையைத் தூக்கிப் பார்க்கும். பேச ஆளில்லாமல் நெற்றுக்குள் இருக்கும் பிள்ளைகளிடமே, "வந்துருவாங்க, வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் நெற்றுக்குள் கரகரவென்று சத்தம். அந்தப் பக்கம் வந்த நரி காதை வைத்துக் கேட்டது.

"ஏ கொடி, உள்ளே வண்டு விழுந்திருச்சு. பிள்ளைகளைத் திறந்து விடு."

"விட்டா சிதறிப் போயிருவாங்களே நரியண்ணே! அக்கா வந்து கேட்டா என்ன சொல்ல?"

"இறுக்கியே வச்சிருந்தா, அவ வரும்போது குடுக்க உன்கிட்ட மாவுதான் இருக்கும்."

கொடி பாதையை ஒருதரம் பார்த்தது. யாருமில்லை. வெயிலில் காய்ந்த நெற்றைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கியது.

டப்!

பிள்ளைகள் முள்ளுக்கடியிலும் ஓடைக்கு அக்கரையிலும் போய் விழுந்தன. மடியில் சுருண்ட தொலி மட்டும் மிஞ்சியது.

பொழுது சாய, சடைச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஐயோ தாயி, மறந்துட்டேனே!" முழங்காலிட்டு மண்ணைத் துழாவினாள். மண்ணின் நிறத்தில் மண்போலவே கிடந்த பயறு ஒன்றும் கையில் அகப்படவில்லை.

"நீயாச்சும் வா, வேரோட எடுத்துக்கிடுறேன்."

"பிள்ளைங்க இங்கேல்ல முளைப்பாங்க. நான் எப்படிக்கா வர?"

சடைச்சி வெறுங்கூடையோடு போனாள். அவள் காட்டில் விளைந்த பயறுகளும் சங்கதி கேட்டு, கொஞ்சம் கொஞ்சம் வெடிக்கப் பழகிக்கொண்டன. அன்று முதல்தான் நாமும் பனி காயுமுன்னே நெற்றுப் பறிக்க ஓடுகிறோம். நரி சொன்ன வித்தை என்பதால் அந்தக் கொடிக்குப் பெயரும் நரிப்பயறு ஆனது. நரி தரையை முகர்ந்து முகர்ந்து நடப்பதும் அன்று முதல்தான். அந்தி மங்கும்போது கொடி அதைக் கூப்பிட்டுச் சொன்னதாம்:

"நரியண்ணே, நாலு திக்கும் சுத்துறவுக நீங்க. என் பிள்ளைங்களைப் பாத்தா மிதிச்சிராதீக. அம்மா இங்கேதான் இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க."