காத்தாயி வீட்டு வாசல்

படுத்தாச்சா. காலை நீட்டு. ஒரே ஒரு கதைதான். நடுவுல தண்ணி கேக்கக் கூடாது. நான் நிறுத்துற இடத்துல "ம்" சொல்லணும். "ம்" வரலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

இன்னும் ஆரம்பிக்கல.

ஒரு ஊர்ல ஒரு சூனியக்காரி இருந்தா. ஊருன்னா ஊரு இல்ல. தேரி. தேரின்னா செக்கச்செவேல்னு மணல். மணல்மேடு, நடுநடுவுல பனை, அப்புறம் மறுபடி மணல்மேடு. காத்தடிச்சா மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். இன்னைக்கு நடந்த தடம் நாளைக்கு இருக்காது. அங்கதான் இருந்தா. பேரு காத்தாயி.

"கெட்ட சூனியக்காரியா?"

கெட்டவ இல்ல. கோவக்காரி. ரெண்டும் வேற.

அவளுக்கு ஒரு ஓலை வீடு. அந்த வீட்டு வாசல் இருக்கே, உன் இடுப்பு உசரம்தான். உள்ள போகணும்னா ரெண்டு கையையும் மண்ணுல ஊனி, தலையைத் தாழ்த்தி, தவந்துதான் போகணும். அப்புறம், அந்த வீட்டுக்கு உசுரு உண்டு. குனிஞ்சு வந்தா உள்ள விடும். குனியாம முட்டிக்கிட்டு வந்தா, எந்திரிச்சு நடந்து போயிரும். சர்ர்... சர்ர்... சர்ர்னு மணல்ல இழுத்துக்கிட்டு அடுத்த மேட்டுக்குப் போயி உக்காந்துக்கும்.

அந்த மந்திரத்துக்கு ஒரு கட்டு உண்டு. நல்லா கேட்டுக்கோ, இதை ரெண்டாந்தடவை சொல்ல மாட்டேன். குனிஞ்சு உள்ள வந்தவங்க மேல காத்தாயி மந்திரத்தை ஏவக் கூடாது. ஏவுனா வீடு பொலபொலன்னு உதிந்து மணலாப் போயிரும்.

"ம்."

அப்போ ஒருநாள், நல்ல வெயில். சுயம்புக்கனின்னு ஒருத்தி, தலையில ஒரு ஓலைக் கடகம் நிறையக் கருப்பட்டியோட சந்தைக்குப் போனவ, தேரியில வழி தவறிட்டா. தாகம். பாத்தா ஒரு ஓலை வீடு. கடகத்தை இறக்கி வெச்சா, குனிஞ்சா, தவந்து உள்ள வந்துட்டா. யாரும் சொல்லிக்குடுக்கல. அவ வீட்டு வாசலும் அப்படித்தான்.

காத்தாயி அடுப்புல பதனி காச்சிக்கிட்டு இருந்தா. "யாரு நீ?"

"தண்ணி குடு. அப்புறம் சொல்றேன்."

தண்ணி குடிச்சா. அங்க தேங்காச் சிரட்டையில ஊத்தி வெச்சிருந்த கருப்பட்டியில ஒரு துண்டு எடுத்து வாயில போட்டா. போட்டதைத் துப்பிட்டா. "இது கருப்பட்டியா, கரியா?"

காத்தாயி வீட்டை நடக்க வைப்பா. காத்தை நிக்க வைப்பா. கருப்பட்டிப் பதம் மட்டும் அவளுக்கு வராது. முப்பது வருசமா கரியைத்தான் தின்னுக்கிட்டு இருந்தா. ஒரு ஆளும் அவகிட்ட அதைச் சொன்னதில்ல, பயம்.

"தள்ளு" அப்படின்னு சுயம்புக்கனி அகப்பையைப் பிடுங்கி, அடுப்பு முன்னால உக்காந்தா. உக்காந்தவ எந்திரிச்சுப் போகல.

"ஏன் போகல?"

புடிச்சுப்போச்சு. இவளுக்கு அவளை, அவளுக்கு இவளை. ஒருத்திக்கு ஒருத்தி உசுரு.

"புருசன் பொண்டாட்டி மாதிரியா?"

ஆமா. குறுக்க பேசாத.

அப்புறம் நல்லா இருந்தாங்க. சுயம்புக்கனி கருப்பட்டி போட்டா ஊரே மணக்கும். சந்தைக்குப் போச்சு. சந்தையிலேருந்து ஒரு துண்டு கோட்டைக்குப் போச்சு. கோட்டையில ஒரு ராசா. பெரிய தொந்தி. அந்தத் துண்டை வாயில போட்டான். கண்ணை மூடுனான். திறந்தான். "இதைச் செஞ்ச கை எனக்கு வேணும்"னான்.

"கையை வெட்டவா?"

ஆளோடதான். கோட்டைக்குள்ள உக்கார வெச்சு, சாகுற வரைக்கும் அவனுக்கு மட்டும் கிண்டணுமாம். வேற ஒருத்தரும் திங்கக் கூடாதாம்.

"ம்."

முதல்ல படைத்தலைவனை அனுப்புனான். நாப்பது குதிரை. தடக் தடக் தடக்னு வந்து நின்னான். "ஏ சூனியக்காரி, வாசலை உசத்து."

உள்ளேருந்து காத்தாயி சொன்னா: "குனியேன்."

"நான் ராசாவுக்கு மட்டும்தான் குனிவேன். எங்க கோட்டையில ராசா தலைக்கு மேல எவன் தலையும் நிக்கக் கூடாது. அவரு உக்காந்தா நாங்க படுக்கணும். அது சட்டம். உனக்கெல்லாம் குனிய முடியாது."

"அப்போ அங்கேயே நில்லு."

அவன் வாசலை ஒரு உதை விட்டான். டமார். வீடு எந்திரிச்சிட்டு. சர்ர்... சர்ர்... குதிரை பின்னாலேயே ஓடுது. காத்தாயி கூரை ஓட்டை வழியா ஒரு ஊது ஊதுனா. ஊஊஊ. செம்மண்ணு கிளம்பி ஒண்ணும் தெரியல. அந்தப் புழுதியில அவனுக்கு ஒரு கதவு தெரிஞ்சுது. "இடிங்கடா"ன்னான். நாப்பது பேரும் சேந்து இடிச்சு உடைச்சுட்டாங்க. புழுதி அடங்குனப்புறம் பாத்தா, அது அவங்க கோட்டைக் கதவு.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

அப்புறம் ரெண்டாவது, ஒரு மந்திரவாதி. கழுத்துல எலுமிச்சங்காய் மாலை. "குனிஞ்சாத்தான் விடும், ஆனா நான் குனிஞ்சா என் மந்திரம் பலிக்காது"ன்னு யோசிச்சான். யோசிச்சு, மல்லாக்கப் படுத்துக்கிட்டான். தலை வெளிய, கால் முன்னால. அப்படியே நகந்து நகந்து காலை உள்ள விட்டான். தலை குனியல பாத்தியா. கெட்டிக்காரன்.

வீடு யோசிச்சுது. வயிறு வர்ற வரைக்கும் பொறுத்துது. அப்புறம் கபக்னு கவ்விக்கிச்சு.

உள்ள சுயம்புக்கனி கிண்டிக்கிட்டே சொன்னா: "ஏட்டி, நம்ம வீட்டுக்குள்ள ரெண்டு காலு முளைச்சிருக்கு."

"எவன் காலு?"

"தெரியல. கழுவாத காலு."

குனிஞ்சு வரல, அதனால தொடலாம். காத்தாயி ஒரு ஓலை ஈர்க்கை எடுத்து உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டுனா. அவன் வெளிய ஹிஹி ஹுஹுன்னு புரள, எலுமிச்சங்காய் எல்லாம் உருண்டு ஓடிப்போச்சு. அப்புறம் வீடு அவனைத் துப்பிடுச்சு. நேரா ராசாகிட்ட போனான். "மகராசா, தலை குனிஞ்சாத்தான் வழி. நான் வரல, என்னை விட்ருங்க."

"ம்."

இனிதான் கஷ்டம். முழிச்சுக் கேளு. இல்ல, முழிக்க வேண்டாம். கேளு.

மூணாவது, ராசாவே கிளம்பிட்டான். ஆயிரம் பேரோட வந்தான். வாசல் முன்னால நின்னு, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. கண்ணை மூடுங்க. பாத்தவன் தலை இருக்காது"ன்னான். ஆயிரம் பேரும் சரக்னு முதுகைக் காட்டுனாங்க. அவன் கிரீடத்தைக் கழட்டி வாயில கவ்விக்கிட்டான். சுத்திமுத்திப் பாத்தான். குனிஞ்சான். ரெண்டு கையையும் மண்ணுல ஊனுனான். தவந்தான்.

குனிஞ்சு வந்துட்டான். வீடு என்ன செய்யும். விட்டுடுச்சு.

உள்ள வந்ததும் நிமிந்து, கிரீடத்தைத் தலையில மாட்டிக்கிட்டு, சுயம்புக்கனி வலது கையைப் புடிச்சிட்டான். "இந்தக் கைதானே?"

காத்தாயி கையை ஓங்கிட்டா. விரல் நுனியில நெருப்பு சுழலுது. ஓங்குன உடனே கூரை ஓலையிலேருந்து மணல் கொட்டுது, பொல பொல.

சுயம்புக்கனி சொன்னா: "நிறுத்துட்டி. வீடு போயிரும்."

"போகட்டும். வீடு ஓலை. இன்னொண்ணு முடைஞ்சுக்கலாம். உன்னை நான் எங்க போயி முடைய?"

"இங்க பாரு. வீடு உதிந்தா உன் மந்திரமும் போயிரும், நீ வெறும் ஆளு. வெளிய ஆயிரம் பேரு. அப்போ உன்னையும் கட்டி இழுத்துட்டுப் போவான். நான் போறேன், நீ இரு."

காத்தாயி கையை இறக்குனா. இறக்குனவ சுயம்புக்கனியோட இடது கையைப் புடிச்சுக்கிட்டா. கோவக்காரிக்குக் கோவத்தை அடக்குறதுதான் பெரிய மந்திரம். அதை அவ அன்னைக்குத்தான் முதத்தடவை போட்டா.

அடக்கிட்டு வாசலைப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. "ராசா, வந்தீரு, சரி. எப்படிப் போவீரு?"

"வந்த மாதிரியே போவேன்."

"கையை ஊனாம போக முடியாதே. இவ கையை விட்டுட்டுல்லா ஊனணும். நீரு வெளிய போயி நிமிர்றதுக்குள்ள வீடு அடுத்த மேட்டுல இருக்கும்."

"இவளை முதல்ல வெளிய தள்ளுவேன்."

"தள்ளும். அவ கால் வெளிய பட்டதும் வீடு நடக்கும். நேரா கடலுக்குள்ள. உள்ள நீரும் நானும்தான். எனக்குச் சமைக்கவும் வராது."

நிசமா அப்படிச் செஞ்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. ராசாவுக்கும் தெரியல. அவ குரல் நடுங்கல. காலுக்கு அடியில இருந்த மணல் மட்டும் வேர்வையில நனைஞ்சு கிடந்துது.

அப்புறம் காத்தாயி ஓலை இடுக்கு வழியா, மந்திரம் போடாம, ராசா குரல்லயே கத்துனா. "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்கடா."

ஆயிரம் பேரும் சரக்.

ராசா பதறிட்டான். "திரும்பாதீங்கடா." சரக். இவ மறுபடி, "திரும்புங்கடா." சரக். "டேய், வேண்டாம்டா." சரக். பம்பரம் மாதிரி சுத்துனாங்க. தலை கிறுகிறுத்துப்போச்சு. எல்லாரும் வாசல் பக்கம் பாத்து நின்ன நேரத்துல படைத்தலைவன் சொன்னான்: "எது ராசா குரலுன்னு தெரியல வே. ராசா முகம் வெளிய வரட்டும், அப்புறம் திரும்புவோம்." ஆயிரம் பேரும் வாசலையே பாத்துக்கிட்டு நின்னுட்டாங்க.

இனி ராசா எப்படிக் குனிவான்? உக்காந்துட்டான். வலது கையை அவன் புடிச்சிருக்கான். இடது கையைக் காத்தாயி புடிச்சிருக்கா. நடுவுல சுயம்புக்கனி. காலைச் சாப்பாடு போச்சு. மதியச் சாப்பாடு போச்சு. சாயங்காலம் ராசா வயிறு கத்துது. கர்ர்... கர்ர்ர்...

"ம்."

நீ இல்ல. அது ராசா வயிறு.

"ஏ பொண்ணு, ஒரு கருப்பட்டி போடு"ன்னான்.

சுயம்புக்கனி கேட்டா: "எந்தக் கையால?"

ராசா பாத்தான். ஒரு கை இவன்கிட்ட, ஒரு கை அவகிட்ட. "அவளை விடச் சொல்லு."

"அது நான் குடுத்த கை. இதுதான் நீரு புடிச்ச கை."

ராசா யோசிச்சான். ஊரைத் திரட்டி இந்தக் கையைத் தேடி வந்தான். கையும் கிடைச்சிட்டு. கிடைச்ச கையைப் புடிச்சிருக்கிற வரைக்கும் அதுலேருந்து ஒரு துண்டு கருப்பட்டி வராது. கோட்டையில கொண்டு வெச்சாலும் அப்படித்தான். அது அவனுக்கு அப்பத்தான் உறைச்சுது. மெதுவான ஆளு.

கர்ர்ர்ர்.

சுண்டுவிரலை எடுத்தான். மோதிர விரலை எடுத்தான். நடுவிரல். ஆள்காட்டி. கடைசியில கட்டைவிரல். விட்டுட்டான்.

காத்தாயி அவனுக்கும் அவளுக்கும் குறுக்க வந்து நின்னுக்கிட்டா. சுயம்புக்கனி கிண்டுனா. களக் களக் களக். பாகு இறுகுச்சு. சிரட்டையில ஊத்தி, ஆறுனதும் தட்டி, ஒரு துண்டு குடுத்தா. ராசா தின்னான். கண்ணுல தண்ணி.

"இனி வேணும்னா?"

"சந்தைக்கு வரும். எல்லாரோடயும் வரிசையில நில்லும்."

அப்புறம் அவன் கிரீடத்தை வாயில கவ்விக்கிட்டான். ஆனது ஆகட்டும்னு ரெண்டு கையையும் ஊனி, தலையைத் தாழ்த்தி, வெளிய தவந்தான்.

அந்தச் சட்டம் ஞாபகம் இருக்கா? ராசா தலைக்கு மேல எவன் தலையும் நிக்கக் கூடாது.

"...ம்."

ராசா தலை மண்ணை ஒட்டி வருது. ஆயிரம் பேரும் பாத்தாங்க, அவ்வளவுதான். தொப். தொப். தொப்தொப்தொப்னு குப்புற விழுந்துட்டாங்க. மூக்கு மணலுக்குள்ள. ராசா நிமிந்து பாத்தான், ஒருத்தனும் பாக்கல. அவன் பாடு தப்பிச்சுது.

ஆனா உள்ளேருந்து ரெண்டு பேரும் பாத்தாங்க. தேரி முழுக்க ஆயிரம் தலை, அந்த இடுப்பு உசர வாசலைப் பாத்துக் குனிஞ்சு கிடக்கு. வீட்டுக்கு அப்படி ஒரு சந்தோசம். குனிஞ்சாச்சுல்லா, எல்லாரையும் உள்ள கூப்பிடணும்னு வாசலை ஆட்டுது.

காத்தாயி சுவரைத் தட்டுனா. "ஆயிரம் பேருக்கு யாரு கஞ்சி காச்சுறது? நட."

சர்ர்... சர்ர்... சர்ர்...

படை நிமிந்து பாத்தப்போ வெறும் செம்மண்ணு.

"தாத்தா."

இன்னும் தூங்கலையா?

"காத்தாயி கையை விட்டாளா? கருப்பட்டி கிண்டுறப்போ?"

விடல. சுயம்புக்கனி ஒரு கையாலதான் கிண்டுனா. இவ மறு கையைப் புடிச்சுக்கிட்டேதான் நின்னா. இப்பவும் அப்படித்தான், எந்த மேட்டுல இருக்காங்களோ.

அவ்வளவுதான். கதை குனிஞ்சு வெளிய போயிட்டு. நீயும் கண்ணை மூடிக்கோ. என் விரலை விடு, நான் எந்திரிக்கணும்.

ம் சொல்லு.

வரல.

சரி, வெச்சுக்கோ.