ஆள்காட்டி மூடச் சொன்ன குழிகள்

கரட்டுச் சரிவில் சிவந்தி என்னும் ஆள்காட்டிக் குருவி அடைகாத்து வந்தது. யாரைக் கண்டாலும் அதற்குச் சந்தேகம்தான். மரத்தில் கூடு கட்டத் தெரியாமல் வெறும் சரளைத் தரையில் முட்டையிடும் பறவை வேறு என்ன செய்யும்?

அந்தச் சரிவில் முன்பு நாலைந்து முயல்கள்தான் இருந்தன. பக்கத்துக் காட்டில் தீப்பிடித்த பிறகு முயல்களும் முள்ளம்பன்றிகளும் கூட்டங்கூட்டமாகக் குடிவந்தன. புல் தீர்ந்தது. ஓயாத நடமாட்டத்தில் மண் பாறையாக இறுகியது. பெய்த இடத்திலேயே ஊறிய மழை, இப்போது திரண்டு கீழே பாய்ந்தது. போன மழையில் சிவந்தியின் முட்டைகள் எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

இப்போது மறுபடியும் நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

ஒருநாள் காலையில், கூட்டுக்குச் சற்று மேலே கோணையன் என்னும் பெருச்சாளி குழி தோண்டிக்கொண்டிருந்தது. தோண்டிய குழியில் கூழாங்கற்களை உருட்டிப் போட்டது. பிறகு அடுத்த குழிக்குப் போனது.

"எதற்கு இந்தக் குழி?" என்று சிவந்தி கேட்டது.

"மழைத்தண்ணீர் இறங்குவதற்கு. ஓடுகிற தண்ணீர் கொஞ்சம் நின்றால் மண் குடித்துக்கொள்ளும்."

சிவந்தி நம்பவில்லை. பெருச்சாளி முட்டை தின்னும் என்று அதற்குத் தெரியும். மூன்று நாள் கண்கொட்டாமல் பார்த்தது. ஐந்து குழிகள் ஆயின. ஒன்று கூட்டுக்கு நேர்மேலேயே இருந்தது. இது நிச்சயம் முட்டைகளைத் தேடி வரும் சுரங்கம்தான் என்று முடிவுகட்டியது.

முயல்களிடம் போய், அந்தச் சுரங்கங்கள் அவற்றின் குட்டிகளிடமும் வந்து சேரும் என்று சொல்லி, குழிகளை மூடிவிடச் சொன்னது. முயல்கள் நடுங்கிப்போயின. கோணையன் வளைக்குள் தூங்கும் நேரம் பார்த்து நான்கு குழிகளை மூடி, மேலே ஏறி மிதித்தன. ஐந்தாவது முட்புதருக்குள் இருந்ததால் விட்டுவிட்டன.

மறுநாள் பிற்பகலில் மழை கொட்டியது. செந்நிற வெள்ளம் சரிவில் இறங்கியது. வளைகளில் நீர் புகுந்ததும் முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின. முட்புதர்ப் பக்கம் மட்டும் நீர் சுழன்று சுழன்று உள்ளே போனது. அதைப் பார்க்கச் சிவந்திக்கு நேரமில்லை. சிறகை விரித்து முட்டைகளை மூடியிருந்தது. அப்படியும் ஒரு முட்டை உருண்டு போய்விட்டது.

அந்த நேரத்தில் கோணையன் வெள்ளத்தில் தத்தளித்தபடி கூட்டை நோக்கி வந்தது. சிவந்தி பாய்ந்து அதன் முகத்தில் கொத்தியது. ரத்தம் வழிந்தது. பெருச்சாளி திரும்பவில்லை. கூட்டுக்கு மேலே மூடிக்கிடந்த குழியைப் பறண்டத் தொடங்கியது.

"நீ கொத்திக்கொண்டே இரு. நான் தோண்டி முடித்துவிடுகிறேன்" என்றது.

மிதித்த மண் விலகியது. கற்களுக்கிடையே நீர் களகளவென்று இறங்கியது. கூட்டைச் சுற்றி ஓடிய வெள்ளம் மெலிந்து, கடைசியில் ஈரம் மட்டுமே மிஞ்சியது. மூன்று முட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மழை நின்றதும் சிவந்தி கேட்டது: "உன் குழிகளை மூடச் சொன்னது நான்தான். நான் கொத்தியும் நீ ஏன் போகவில்லை?"

"போன மழையில் என் வளைக்குள்ளும் தண்ணீர் வந்தது. நான்கு குட்டிகள் இருந்தன" என்றது கோணையன்.

மறுநாள் காலையில் சிவந்தி தானே முயல்களிடம் போய், தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது. எல்லாமாகச் சேர்ந்து, மூடிய குழிகளைத் திறந்து, புதிதாக ஏழு குழிகள் வெட்டின. அதற்குப் பிறகும் கோணையன் கூட்டருகே வந்தால் சிவந்தியின் கழுத்து இறகு சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால் அது கத்தவில்லை. அந்த வாரமே மூன்று குஞ்சுகள் பொரிந்தன. கோடையில் வழக்கமாக வறண்டுபோகும் அடிவார ஊற்றிலும் அந்த ஆண்டு நீர் கசிந்தது.

ஒருவர் செய்யும் வேலையின் பலன் தெரியுமுன்னே, அவர் மேலுள்ள சந்தேகத்தால் அதை அழிப்பவர் தம் வீட்டுக்கே கேட்டை வரவழைத்துக்கொள்கிறார்.