ஸ்பேம் பெட்டியில் நான்கு கடிதங்கள்

“எதை உள்ளே விடணும், எதைத் தடுக்கணும்? ஒரே வார்த்தையில சொல்லிடுங்கம்மா. எனக்குத் தலை வெடிக்குது.”

தனபாக்கியம் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எழுந்து வந்து இப்படிக் கேட்டாள்.

நல்லம்மை வாசலில் உட்கார்ந்து ஒரு தெருநாயின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாதுக்கா” என்றார்.

“நீங்களே இப்படிச் சொன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்?”

“அதுவும் தெரியாது. இந்தத் துணி நுனியைக் கொஞ்சம் பிடிங்க.”

தனபாக்கியம் பிடித்துக்கொண்டாள். கட்டு முடிந்தது. நாய் நொண்டிக்கொண்டு போயிற்று. 

சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று அவள் உள்ளே போனாள்.

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

நல்லம்மைக்கு வயது முப்பத்தொன்பது. திண்டுக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டுச் சிறுமலையில் வந்து உட்கார்ந்தார். அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். மூன்று அறை ஆசிரமம் ஒன்று தானாக முளைத்தது.

தனபாக்கியத்துக்கு ஐம்பத்துநான்கு. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தன்னைவிடச் சின்னவளை ‘அம்மா’ என்று கூப்பிட முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

மலையில் செல்போன் சரியாக எடுக்காது. கேள்வி உள்ளவர்கள் மின்னஞ்சலில்தான் எழுதுவார்கள். தனபாக்கியம் ஒவ்வொன்றாக வாசிப்பாள். நல்லம்மை ஒரு வரி சொல்வார். அந்த ஒரு வரியைத் தனபாக்கியம் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவாள். ஒன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. மின்சார ஆபீசிலிருந்து வந்ததைப்போலவே இருந்தது. இன்று மாலைக்குள் கரண்ட் துண்டிக்கப்படும், இணைப்பைத் திறந்து பாருங்கள் என்றது. அவள் பதறிப்போய்த் திறந்தாள்.

வைரஸ். கம்ப்யூட்டர் அப்படியே முடங்கியது. அதில் சேர்த்து வைத்திருந்த கடிதங்கள் அத்தனையும் போயின.

இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். நல்லம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கம்ப்யூட்டரைச் சரிசெய்த பிறகு, நல்லம்மையிடம் பதில் கிடைக்காமல், ஆசிரமத்துக்கு மின்னஞ்சல் நடத்தித் தரும் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

வைரஸ் தடுப்பில் குழப்பம் இல்லை. அழுத்தினால் வேலை செய்யும். ஸ்பேம் தடுப்புதான் வேறு மாதிரி.

“வர்ற ஒவ்வொரு மெயிலுக்கும் அது மார்க் போடும்மா. தலைப்பு இல்லைன்னா கொஞ்சம் மார்க். வரிசையா ஆச்சரியக்குறி போட்டா கொஞ்சம். அவசரம், உடனேன்னு எழுதினா கொஞ்சம். புது ஆளு படம் அனுப்பினா கொஞ்சம். எல்லாம் சேர்ந்து அஞ்சைத் தாண்டினா ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளிரும்.”

“மார்க் கூடினா மோசமா?”

“ஆமாம்மா.”

“எங்க காலத்துல மார்க் குறைஞ்சாத்தான் மோசம். சரி, அந்த அஞ்சை இன்னும் குறைக்கலாமா?”

“குறைச்சா கெடுபிடி கூடிரும். எவ்வளவு வைக்கட்டும்?”

“ரெண்டு.”

அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள்.

“ரெண்டு வச்சா நல்ல மெயிலும் மாட்டும்மா. ஸ்பேம் பெட்டியைத் தினம் ஒரு தடவை திறந்து பாத்துருங்க. முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும்.”

“பாத்துக்கிறேன் தாயி” என்றாள் தனபாக்கியம்.

பார்க்கவில்லை. ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. பாம்பு கிடக்கிறது என்று தெரிந்த புற்றுக்குள் தினம் கையை விட்டுப் பார்ப்பார்களா யாராவது?

இரண்டு மாதம் ஓடிற்று. வந்தவை எல்லாம் முத்து முத்தான கடிதங்கள். தலைப்பு இருந்தது, வணக்கம் இருந்தது, ‘தங்கள் பதிலைப் பணிவுடன் எதிர்நோக்கும்’ இருந்தது. தியானத்தில் மனம் அலைவது ஏன் என்று கேட்டார்கள். ஆன்மா எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஒரு காலை, மூன்றாவது கடிதத்தை வாசித்து முடித்தாள்.

“பாக்கியக்கா” என்றார் நல்லம்மை.

“சொல்லுங்கம்மா.”

“ஊர்ல துக்கம் தீர்ந்துபோச்சா?”

“என்னம்மா?”

“யாருமே அழலையே.”

தனபாக்கியம் ஐந்தை இரண்டாக்கிய கதையைச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தாள்.

நல்லம்மை எழுந்து உள்ளே போனார். மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார்.

“இதை உங்க போன்ல இருந்து நம்ம ஆசிரமத்துக்கே அனுப்புங்க. திருத்தாதீங்க. இருக்கறபடியே அடிங்க.”

தனபாக்கியம் தாளைப் பிரித்தாள்.

‘அம்மா அம்மா என் மக போயி மூணு நாளாச்சு எனக்கு உசுரு வேண்டாம் உடனே பதில் போடுங்க உடனே உடனே!!!!!!’

ஒன்பது வருஷத்துக்கு முன் தனபாக்கியமே எழுதியது.

மேலே தலைப்பு இல்லை. கீழே பெயர்கூட இல்லை.

ஒற்றை விரலால் அடித்தாள். ஆச்சரியக்குறிகளை எண்ணி எண்ணிப் போட்டாள். ஆறு. போன் எடுக்கும் இடமாகப் பார்த்துப் பலாமரத்தடிக்குப் போய் நின்று அனுப்பினாள். திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

வரவில்லை.

கால் மணி நேரம் பார்த்தாள்.

“நீங்க எங்கக்கா போனீங்க?” என்று கேட்டார் நல்லம்மை.

தனபாக்கியம் முதல்முறையாக ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவள் கிடந்தாள். மார்க் நாலு புள்ளி மூன்று.

அவளுக்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். லாட்டரி விழுந்தது என்றது ஒன்று. பத்தே நாளில் தொப்பை கரையும் என்றது இன்னொன்று. அந்தக் குப்பைக்கு நடுவே மனுஷர்கள் கிடந்தார்கள். பதினோரு பேர்.

“இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?”

“முப்பது நாளுக்கு மேல ஆனது அழிஞ்சிருக்கும்மா.”

“எத்தனை பேரு?”

“தெரியாதும்மா.”

நல்லம்மை பக்கத்தில் உட்கார்ந்தார். “வாசிங்க” என்றார்.

பதினோரு பேரில் ஒருவர் மட்டும் நான்கு முறை எழுதியிருந்தார்.

‘அம்மா நான் சேசுராசு அருளாயி வீட்டுக்காரர் திண்டுக்கல்ல மாவு மில்லுக்குப் பின்னாடி வீடு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவ காலுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டீங்க இப்ப ரொம்ப முடியாம இருக்கா டாக்டரு கைவிட்டுட்டாரு உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றா!!! பயந்துக்கிட்டே சாகலாமா அது தப்பா அவசரம் அம்மா!!!’

கூடவே ஒரு படம். கட்டிலில் ஒரு பெண். நல்லம்மையிடம் காட்டுவதற்காகத் தலையைச் சீவிப் பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது: ‘பதில் வந்துச்சான்னு கேக்குறா அம்மா!!!’

மூன்றாவதும் அதுவே.

நான்காவதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல். அதற்குப் பிறகு வரி முடிகிறவரை ஆச்சரியக்குறி. அது வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

தனபாக்கியம் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“என்ன பதில் போடட்டும்மா? சொல்லுங்க, அடிக்கிறேன்.”

“அடிக்க வேண்டாம். கிளம்புங்க.”

“நான் போய் என்னம்மா சொல்றது?”

“பஸ்ஸுல யோசிங்க. இந்தப் பத்துப் பேருக்கு நான் எழுதறேன்.”

பதினெட்டு வளைவும் இறங்குகிறவரை யோசித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மா உயிரோடு இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும் என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் நிற்கவில்லை.

மாவு மில்லுக்குப் பின்னால் கேட்டபோதே ஒரு பெண் கை காட்டினாள். “துக்க வீடுதானே? அந்தப் பச்சைக் கதவு.”

உள்ளே சுவரில் அதே முகம். மாலை வாடியிருந்தது. கீழே மெழுகுவர்த்தி.

“சிறுமலையில இருந்து வர்றேன். நல்லம்மை அம்மா அனுப்பினாங்க” என்றாள்.

சேசுராசு அடிபட்டவர்போல எழுந்து நின்றார். தலைமுடியில் மாவு படிந்திருந்தது.

“தெரிஞ்சுபோச்சாம்மா அவங்களுக்கு?”

“என்னண்ணே?”

“நான் பொய் சொன்னது.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“தினம் கேட்டா. பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு. எத்தனை தடவை இல்லைன்னு சொல்றது? மூச்சு வாங்க ஆரம்பிச்ச அன்னைக்குப் போனைக் கையில எடுத்துக்கிட்டு, வந்துருச்சு அருளாயின்னு சொன்னேன். வாசிக்கச் சொன்னா. நானே வாசிச்சேன். அதுல ஒண்ணுமே இல்லை. நானா வாசிச்சேன்.”

“என்னன்னு?”

“பயந்துக்கிட்டே போகலாம், தப்பில்லை. கையைப் பிடிச்சுக்க ஆளு இருந்தாப் போதும். அப்படின்னு நல்லம்மை எழுதியிருக்காங்கன்னு சொன்னேன். சரின்னு கையை நீட்டினா. பிடிச்சுக்கிட்டேன். விடியக்காலைல போயிட்டா.”

தனபாக்கியம் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

“பெரியவங்க பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். அவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும், பதில் போட முடியாம இருந்திருக்கும். அதுக்காக நான் அப்படிச் சொல்லலாமா? மன்னிக்கச் சொல்லுங்கம்மா.”

இதோ இப்போது சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

“அம்மா மன்னிச்சிருவாங்க” என்றாள்.

அவர் காபி போட்டுக் கொடுத்தார். குடித்தாள்.  அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலையேறிவிட்டாள்.

நல்லம்மை எல்லாவற்றையும் கேட்டார். சேசுராசு சொன்ன பதிலை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

“எனக்கு இவ்வளவு சரியா வந்திருக்காது” என்றார்.

பிறகு அவரே கேட்டார்:

“அவரு மன்னிப்புக் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“நீங்க மன்னிச்சிருவீங்கன்னு சொன்னேன்.”

“மன்னிக்கறதுக்கு அவரு என்ன பண்ணினாரு?”

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லலையா அக்கா?”

“எப்படிம்மா சொல்றது? ஏற்கெனவே நொந்துபோன மனுஷன். கடிதம் வந்தும் நான் பாக்காம விட்டேன்னு கேட்டா இன்னும் நொந்துபோவாரு. அவருக்காகத்தான் சொல்லலை.”

“யாருக்காக?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கீழ போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?”

“அஞ்சேகாலுக்கு. அதுதான் கடைசி. திரும்பி வர பஸ் இல்லைம்மா.”

“தெரியும்” என்றார் நல்லம்மை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தனபாக்கியம் மறுபடியும் அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றாள். சேசுராசு கதவைத் திறந்து, எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனாளோ என்று வீட்டுக்குள் பார்த்தார்.

“அண்ணே, நான் உள்ள வரலை. இங்கேயே நின்னு சொல்லிடறேன். உங்க மெயில் நாலும் வந்துச்சு. அம்மா பாக்கலை. நான்தான் பாக்கவிடாமப் பண்ணினேன். ஒரு தடவை வைரஸ் வந்து பயந்துபோயி, கெட்டது வரக்கூடாதுன்னு கண்டபடி தடுத்து வச்சேன். உங்க கடிதமும் அதுல மாட்டிருச்சு. நீங்க எழுதினதே அம்மாவுக்குத் தெரியாது. இன்னைக்குக் காலைலதான் தெரியும்.”

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திட்டட்டும், கையை ஓங்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றாள்.



கண்ணைத் திறந்தாள். சேசுராசு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“தெரியாதா?” என்றார்.

“தெரியாதுண்ணே.”

“நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. அதனாலதான்னு நான்...”

முடிக்க முடியவில்லை அவரால். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முதுகு குலுங்கிற்று.

பிறகு சுவரில் இருந்த படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அருளாயி காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“அப்ப, அம்மா எங்களைத் தள்ளி வைக்கலையா?”