பிரஷர் மாத்திரை வாங்காத பெண்கள்

"என் ஆராய்ச்சியே என் கழுத்தை அறுத்துட்டுது மேடம்" என்றாள் இசக்கியம்மாள்.

நூருன்னிசா நர்சிங் கல்லூரிப் பேராசிரியை. இசக்கியம்மாள் கடலோர அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வயதில் மாணவிதான் மூத்தவள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு நூருன்னிசாவிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள்.

"என்ன ஆச்சு சிஸ்டர்?"

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் பக்கவாதம் வந்து அடுத்தடுத்து வார்டில் விழுந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ரத்தக்கொதிப்பு. ஒருத்திகூட மாத்திரை சாப்பிட்டவள் இல்லை. மாத்திரையோ அரசாங்கம் சும்மா கொடுப்பது.

கடைசியாக வந்தவள் முத்துக்கிளி. "ஏன் தாயி வாங்கல?" என்று கேட்டாள் இசக்கியம்மாள். முத்துக்கிளிக்கு வாய் கோணியிருந்தது. பதிலுக்குக் கண்ணீர்தான் வந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் ஆராய்ச்சி. மாத்திரை வாங்க ஓ.பி. வரிசையில் நின்ற பெண்களிடம், வந்து வாங்குவதில் என்ன குறை, ஏன் சிலர் வருவதில்லை என்று ஒரு வருஷம் கேட்டாள். கிடைத்த முடிவை எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுக்கும் திட்டத்தை மாற்றச் சொல்லி சுகாதார அதிகாரியிடம் போனாள்.

"அவர் பொறுமையா படிச்சார் மேடம். 'நீங்க கேட்ட எல்லாரும் குறையில்லைன்னுதானே சொல்லியிருக்காங்க, எதை மாத்தணும்? சிலர் வரலைன்னா அது அவங்க அலட்சியம்'னுட்டார்."

கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "முத்துக்கிளி அலட்சியக்காரி இல்ல மேடம்."

நூருன்னிசா அவள் கையைத் தொட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் உங்க ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

"காலைல வாங்க. பன்னெண்டு மணிக்கு ஓ.பி.யைப் பூட்டிருவாங்க."

"மத்தியானம் வர்றேன்."

வந்தாள். பூட்டிய ஓ.பி. கதவின் முன்னே படியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் கொளுத்தியது.

"உள்ள ஃபேன் இருக்கு மேடம்."

"இருக்கட்டும்."

வேறு வழியில்லாமல் இசக்கியம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு மணி வாக்கில் ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உப்பளத்துப் பெண்கள் இறங்கினார்கள். கால்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போனார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

நூருன்னிசா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் எழுந்தாள். வேகமாகப் போய் பின்னால் நடந்துகொண்டிருந்த ஒருத்தியை நிறுத்தினாள்.

"ஏக்கா, பிரஷர் பாத்திருக்கியளா?"

"எங்கன பாக்க? இருட்டோட அளத்துக்குப் போயி இப்பத்தானே வாரோம். அதுக்குள்ள நீங்க பூட்டிருதியளே."

"ஒருநாள் லீவு போட்டுட்டு வரலாம்லா?"

"ஒருநாளோட முடியுமா? மாசாமாசம்லா வரணும். வேலைக்கு ஆள் மாத்திருவாவ." அவள் ஆஸ்பத்திரியைக் காட்டினாள். குரலில் கோபம் இல்லை. "அது சோலி இல்லாதவங்களுக்கு வச்சது சிஸ்டர்."

அவள் போன பிறகும் இசக்கியம்மாள் வெயிலில் நின்றாள். வந்தவர்களிடமே போய், ஏன் வரவில்லை என்று ஒரு வருஷமாகக் கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

படிக்குத் திரும்பி வந்தாள்.

"முதல்லேருந்து பண்ணணும் மேடம்."

"பண்ணுங்க."

இந்த முறை பிரஷர் பார்க்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அளத்துக்கே போனாள். லோடு ஆட்டோ நிற்கும் இடங்களில் நின்றாள். கால் கழுவும் குழாயடியில் உட்கார்ந்து கேட்டாள். பாதிப் பேருக்கு மேல் கொதிப்பு இருந்தது. பலருக்கு அது தெரியவே தெரியாது.

மறுபடி அதிகாரியிடம் போனாள்.

"மாத்திரை இலவசம். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. வேற என்னம்மா செய்யணும்?" என்றார் அவர்.

"மத்தியானத்துக்கு மேல கதவைத் திறக்கணும் சார்."

புதிதாக எழுதிக் கொண்டுபோனதை நீட்டினாள். அவர் வாசித்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

"இதை யாரும் என்கிட்ட சொல்லலையே" என்றார்.

"யாரும் அவங்ககிட்ட கேக்கல சார். நானும்தான்."

அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் சோதனை முயற்சியாக மத்தியானத்துக்கு மேலும் ஓ.பி.யைத் திறந்து வைத்தார்கள். பெண்கள் உப்புக் காலோடு நேரே வந்தார்கள். சில மாதங்களில் வார்டில் பக்கவாதக் கட்டில்கள் காலியாகத் தொடங்கின. அடுத்த வருஷம் அந்தக் கடற்கரை ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் அரசாணை வந்தது.

இசக்கியம்மாள் மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு ஆசிரியையைப் பார்க்க ஓடினாள்.

"இப்ப எல்லாரும் வர்றாங்க மேடம்."

நூருன்னிசாவின் முகம் மலர்ந்தது. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாருமா?"

இசக்கியம்மாள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"டீ சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுப் போங்க சிஸ்டர்."

"வராதவங்களைப் பாத்துட்டு வந்து குடிக்கிறேன் மேடம்."