வீரபாகுவின் சூடு

மலையடிவாரத்தில் மருத்துவம் பார்த்துவந்த உமையாளிடம் சீடராகச் சேர்ந்தபோது வீரபாகுவுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. உமையாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் "அம்மா" என்றே கூப்பிட்டார்.

வீரபாகு முன்பு கோட்டைக் காவலுக்குத் தலைவராக இருந்தவர். அவரே பழக்கிய ஒருவனுக்கு மன்னர் அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் உடம்பு கொதித்தது. கண் எரிந்தது. வாயெல்லாம் புண். நீர் கடுத்தது. பாயில் முதுகு பட்டால் அடுப்புக்கல்லில் படுத்ததுபோல் இருந்தது.

உமையாள் காரத்தையும் ஊறுகாயையும் நிறுத்தச் சொன்னார். காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் நீர்மோர், தாகத்துக்கு வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர். வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல். படுக்கும்முன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய்.

கண் எரிச்சல் நின்றது. புண் ஆறியது. நெஞ்சு மட்டும் அப்படியே கொதித்தது.

ஒரு நாள் காலையில் வீரபாகு கேட்டார். "சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன் அம்மா. இந்த மிச்சச் சூடு எங்கேயிருந்து வருது?"

"ராத்திரி தூங்குறீங்களா ஐயா?"

"இல்லை."

"முழிச்சிருந்து என்ன பண்ணுவீங்க?"

"அவன்கூடப் பேசிட்டிருப்பேன்."

"எவன்கூட?"

"என் இடத்துல உட்கார்ந்திருக்கிறவன்கூட."

உமையாள் வேறெதுவும் சொல்வதற்குள் வெளியே குரல் கேட்டது.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலையில் தேனெடுக்கும் சடையன், மனைவியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தம்பியோடு தூக்கி வந்திருந்தான். மாதம் நிறையாத பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. தாய்க்கு நினைவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஈரத்துணிக்குள் பிள்ளை நீலம் பாய்ந்து கிடந்தது. அழவில்லை.

விறகு நனைந்து புகைந்ததே தவிர எரியவில்லை. சடையனும் தம்பியும் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார்கள்.

உமையாள் பிள்ளையைத் துடைத்தார். "ஐயா, மேல்துண்டை எடுங்க. உட்காருங்க."

பிள்ளையை வீரபாகுவின் வெற்று மார்பில் கவிழ்த்துப் போட்டு, மேலே கம்பளியைச் சுற்றினார். ஆற்றுக்கல்லை எடுத்து வைத்ததுபோல் சில்லென்று இருந்தது.

"நான் என்ன செய்யணும் அம்மா?"

"மெதுவா மூச்சு விடுங்க. இது கேட்டுக்கிட்டு இருக்கு."

உமையாள் உள்ளறையில் கிடத்தியிருந்த தாயிடம் போய்விட்டார்.

வீரபாகு அசையவில்லை. ஆயிரம் பேருக்குக் கட்டளையிட்ட மனிதர், ஒரு கைப்பிடி உயிர் நழுவிவிடக் கூடாதே என்று இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில், பழக்கம்போல, கோட்டையில் இருப்பவனின் முகம் நினைவில் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பிள்ளையின் உடம்பு தூக்கிப்போட்டது.

"இல்லைடா, இல்லை. அவன் போயிட்டான். நீ தூங்கு" என்றார் வீரபாகு.

மறுபடி மூச்சை மெதுவாக விட்டார். அந்த முகம் இன்னொரு முறை வந்தது. இந்த முறை நெஞ்சு அடிக்கும்முன் அதை அனுப்பிவிட்டார்.

மழை ஓயவில்லை. சடையன் எதிரில் குந்தியபடி கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுப்பகலில் பிள்ளையின் உள்ளங்கால் வெதுவெதுப்பானது. பிறகு உதட்டில் நீலம் கரைந்து சிவப்பு ஏறியது. வீரபாகு தன் மார்பையே குனிந்து பார்த்தார். அங்கே அவருடைய மூச்சுக்குள் இன்னொரு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை வாயைத் திறந்து அவர் மார்பில் எதையோ தேடியது. கிடைக்காமல் அழுதது. சடையன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

உள்ளேயிருந்து, ரத்தம் நின்று நினைவு திரும்பிய தாயின் பலவீனமான குரல் வந்தது. "அது என் பிள்ளையா?"

"உன் பிள்ளைதான்" என்றார் உமையாள். வெளியே வந்து, வீரபாகுவின் மார்பிலிருந்து பிள்ளையை எடுத்துப் போய்த் தாயிடம் கிடத்தினார்.

வீரபாகு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து மார்பில் கைவைத்துப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். மறுபடி மார்பைத் தொட்டார்.

உமையாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அம்மா, என் சூட்டைக் காணோமே. எங்கே போச்சு?"

உமையாள் திரும்பி உள்ளே பார்த்தார்.

"பால் குடிச்சிட்டிருக்கு."